நாலு பேர் ஒன்றைச் சொன்னால் நம் மூளை ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது?

பயம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள், அது பாதிதான் சரி. 1951-இல் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள், எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள், பேசி வைத்துக்கொண்டு கூசாமல் தப்பான கோட்டைக் காட்டினார்கள். விஷயம் தெரியாமல் வந்து உட்கார்ந்த ஆசாமிகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அதே தப்பைச் சொன்னார்கள்!

சரி, அப்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது? 2009-இல் நெதர்லாந்தில் மூளை ஆய்வாளர் க்ளுச்சாரெவ் குழுவினர் பெண்களை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து, முகங்களின் அழகுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். போட்டதும் 'மற்றவர்கள் போட்டது' என்று ஒரு எண் திரையில் வரும். அது வேறுபட்டால், நாம் ஏதாவது தப்பு செய்யும்போது மூளையின் முன்பக்க நடுப்பகுதியில் எழுகிற மாதிரியான சமிக்ஞையே எழுந்தது, பரிசு கிடைத்தால் சுறுசுறுப்பாகும் பகுதியோ மங்கியது. அதாவது, கூட்டத்தோடு ஒத்துப்போகாததை மூளை ஒரு பிழையாகவே கணக்கு வைக்கிறது. அப்புறம் அதே முகங்களை மறுபடி காட்டியபோது, யாரும் வற்புறுத்தாமலே மதிப்பெண்ணைக் கூட்டத்தின் பக்கம் நகர்த்தினார்கள்.

எனக்குப் பிடித்தது ஆஷ் செய்து பார்த்த இன்னொரு மாறுதல்: கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலே போதும், தப்புக்கு ஆமாம் போடுவது சுமார் 5 சதவீதமாகச் சரிந்துவிட்டது.