கன்டெய்னரை நீக்கிய பிறகும் அதன் சிகுரூப் ஏன் மிஞ்சி நிற்கிறது?

சிகுரூப் என்பது, ஒரு கன்டெய்னர் (மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டப்படும் நிரல்) எவ்வளவு நினைவகமும் சிபியு நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, வைத்திருக்கும் கணக்கு. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பிலிருந்து இது இருக்கிறது.

கன்டெய்னரை நீக்கினால் அதன் சிகுரூப் கோப்பகம் மறையும். கணக்கு உடனே மூடப்படாது. அந்தக் கன்டெய்னர் படித்த கோப்புகளின் பகுதிகள் இன்னும் நினைவகத்தில் தங்கியிருந்தால், அவை அதன் பெயரிலேயே பற்று எழுதப்பட்டிருக்கும். மளிகைக் கடை நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஊரைவிட்டே போயிருக்கலாம். பாக்கி தீரும்வரை கடைக்காரர் அவருடைய பக்கத்தைக் கிழிக்க மாட்டார். இப்படி நாலைந்து கணக்குகள் மிஞ்சினால் கவலை வேண்டாம், நினைவக நெருக்கடி வரும்போது கெர்னலே பாக்கியைத் தீர்த்துவிடும். நிமிடத்துக்கு நிமிடம் கன்டெய்னர்கள் தோன்றி மறையும் சர்வரில்தான் இவை ஆயிரக்கணக்கில் குவிந்து வேகத்தைக் குறைக்கும். சிகுரூப் இரண்டாம் பதிப்பில், 'சிகுரூப்.ஸ்டாட்' கோப்பில் இந்த எண்ணிக்கை தெரியும். அது இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கோப்பகமே மறையாமல் நின்றால் காரணம் வேறு: உள்ளே ஏதோ ஒரு செயல்முறையோ (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) துணை சிகுரூப்போ இருக்கிறது. 'சிகுரூப்.ப்ராக்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள்.

உள்ளிருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தால் சிகுரூப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அவை வட்டில் உள்ள கோப்புகளே அல்ல, காலியான சிகுரூப்பின் கோப்பகத்தை 'ஆர்எம்டிர்' கட்டளையால் நீக்கினால் போதும்.