டேப் டிரைவ் தகராறுகள்: கேள்வி பதில்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி சர்வர்களில் டேப் பேக்கப் எடுப்பவர்கள் கேட்டவை இவை. ஒரு வேண்டுகோள்: கேட்பதற்கு முன் கர்னல் லாகில் டிரைவ் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். "டேப் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் நானும் "அப்படியா" என்றுதான் எழுத முடியும்.

கே: சார், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) மூன்று டைரக்டரிகளை வரிசையாக டார் போட்டு (ஒவ்வொன்றையும் ஒரே காப்பகமாகக் கட்டி) டேப் சாதனமான எஸ்டி0-க்கு அனுப்புகிறேன். பிழை எதுவும் இல்லை, ஆனால் டேப்பில் கடைசி டைரக்டரி மட்டும்தான் இருக்கிறது. டிரைவ் போய்விட்டதா?

ப: டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. எஸ்டி0 சாதனக் கோப்பை மூடியதும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். முதல் டார் முடிந்து டேப் சுற்றியது, இரண்டாவது அதன் தலையிலேயே எழுதியது, மூன்றாவது அதற்கும் மேல். நீங்கள் பயன்படுத்த வேண்டியது என்எஸ்டி0. அது சுற்றாது, நின்ற இடத்திலேயே நிற்கும். ஃப்ரீபிஎஸ்டியில் இதே ஜோடி எஸ்ஏ0, என்எஸ்ஏ0. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு எம்டி ரீவைண்ட் (எம்டி என்பது டேப் டிரைவை இயக்கும் கட்டளை), அப்புறம் மூன்று டாரும் என்எஸ்டி0-க்கு, கடைசியில் டேப்பை வெளியே தள்ள எம்டி ஆஃப்லைன். மீட்கும்போது இரண்டாவது காப்பகம் வேண்டுமென்றால் ரீவைண்ட் செய்துவிட்டு எம்டி எஃப்எஸ்எஃப் 1, அதாவது ஒரு காப்பகத்தைத் தாண்டிப் போ.

போன இரண்டும் திரும்பக் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நாடாவின் பின்பகுதியில் பழையதில் மிச்சம் இருக்கலாம்தான், ஆனால் எழுதி முடித்த இடத்தில் டிரைவ் தரவு முடிந்தது என்று குறி போட்டுவிடும், அதைத் தாண்டிப் படிக்க சாதாரணக் கட்டளை எதுவும் இல்லை. தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுப்பதாக இருந்தால், கேட்ரிட்ஜின் எழுதுதடுப்பு விசையை இப்போதே நகர்த்தி வைத்துவிடுங்கள்.

கே: பழைய டேப்பைப் படித்தால் "கேனாட் அலோகேட் மெமரி" என்கிறது. சர்வரில் 64 ஜிபி ராம் இருக்கிறதே?

ப: 640 இருந்தாலும் இதைத்தான் சொல்லும். டேப்பில் இருக்கும் பிளாக் (ஒரே வீச்சில் எழுதிய தரவுத் துண்டு) பெரியது, நீங்கள் படிக்கக் கேட்ட அளவு சிறியது. டார் தானாகக் கேட்பது 512 பைட் வீதம் 20, அதாவது 10240 பைட். எழுதியவர் 256 கிலோபைட் பிளாக்கில் எழுதியிருந்தால் அது அதற்குள் அடங்காது, லினக்ஸ் டேப் டிரைவர் அதற்குத் திருப்பித் தரும் பிழைதான் இந்த வினோதமான வாசகம். எம்டி செட்பிளாக் 0 கொடுங்கள் (பிளாக் அளவு எதுவானாலும் சரி என்று டிரைவருக்குச் சொல்வது), அப்புறம் தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி-யில் பிளாக் அளவு 1 மெகாபைட், கவுண்ட் 1 என்று வைத்து ஒரே ஒரு பிளாக்கைக் கோப்பாக எடுங்கள். அந்தக் கோப்பின் அளவுதான் உங்கள் விடை. 262144 என்று வந்தால் 512-ஆல் வகுத்து, ரீவைண்ட் செய்து, டாருக்கு மைனஸ் பி 512 கொடுங்கள். அந்த எண்ணை கேட்ரிட்ஜ் லேபிளிலும் எழுதி வையுங்கள், அடுத்து படிக்கப்போகிறவர் திட்டமாட்டார்.

கே: ஒரு பேக்கப் எடுத்தால் முந்தையது அழிந்துவிடுகிறது.

ப: என்எஸ்டி0. முதல் பதில்.

கே: ஜிஸிப்பால் சுருக்கி எல்டிஓ-6 டிரைவுக்கு (எல்டிஓ டேப் வகையின் ஆறாம் தலைமுறை) அனுப்புகிறேன். நாடா முன்னும் பின்னும் ஓடி நிற்கிற சத்தம், வேகமும் இல்லை.

ப: டிரைவ் பட்டினி கிடக்கிறது. எல்டிஓ-6 நொடிக்கு 160 மெகாபைட் விழுங்கும், ஒற்றை ஜிஸிப்பால் அந்த அளவுக்குப் போட முடியாது. தரவு தீர்ந்ததும் நாடா நின்று, பின்னால் போய், மறுபடி வேகம் எடுக்கிறது. இதில் நாடாவும் ஹெட்டும் சேர்ந்து தேயும். நடுவில் எம்பஃபர் (தரவைச் சேர்த்து வைத்து அனுப்பும் நிரல்) வையுங்கள்: 4 ஜிபி, 90 சதவீதம் நிரம்பிய பிறகு எழுதத் தொடங்கும்படி. ஜிஸிப்பை எடுத்துவிடுங்கள், டிரைவே சுருக்கிக்கொள்ளும்.

கே: (அதே நபர்) டிரைவின் சுருக்கத்தை எப்படி நம்புவது? பெட்டியில் போட்டிருக்கும் 2.5 மடங்கு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ப: யாருக்கும் லேசில் வராது, அது விளம்பரக் கணக்கு. படங்களும் வீடியோவும் சுருங்கவே சுருங்காது. நான் சொல்வது வேறு. ஜிஸிப் ஓடையின் நடுவில் ஒரு இடம் படிக்க முடியாமல் போனால் அதற்குப் பின்னால் உள்ளதைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். வெறும் டார் என்றால் அடுத்த கோப்பின் தலைப்பைத் தேடிப் பிடித்து மேலே போகலாம்.

கே: (இன்னொருவர் குறுக்கே) எல்டிஓ-வில் பிழைதிருத்தம் அவ்வளவு வலுவாக இருக்கும்போது இதெல்லாம் வீண் பயம். இசட்எஸ்டிடி (இன்னொரு சுருக்கும் நிரல்)-யைப் பல திரெட்டில் ஓட்டினால் வேகமும் வரும்.

ப: வேகம் வரும், ஒப்புக்கொள்கிறேன். என்க்ரிப்ட் செய்பவர்கள் மென்பொருளில் சுருக்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் என்க்ரிப்ட் ஆன தரவு டிரைவில் சுருங்காது. ஆனால் பிழைதிருத்தம் காப்பது சின்னக் கீறலிலிருந்து. கீழே விழுந்து நாடாவின் ஓரம் மடங்கிய கேட்ரிட்ஜுக்கு அது ஒன்றும் செய்யாது.

கே: (ஜிஸிப் நபர்) அப்படியானால் நான் கேட்ரிட்ஜைக் கீழே போடாமல் பார்த்துக்கொள்கிறேன், ஜிஸிப் இருக்கட்டும்.

ப: சரி, உங்கள் டேப். டைரக்டரிக்கு ஒரு காப்பகமாகவாவது பிரித்து எழுதுங்கள், ஒன்று போனால் ஒன்றோடு போகும். அதுவும் என்எஸ்டி0-வில்.

கே: வாரம் ஒருமுறை கிளீனிங் கேட்ரிட்ஜ் போடலாமா?

ப: கூடாது. டிரைவ் கேட்டால் மட்டும். விளக்கு எரியும், டிரைவின் எச்சரிக்கைப் பட்டியலான டேப் அலர்ட்டில் 20-ம் எண் வரும். சும்மா போட்டால் ஹெட்தான் தேயும்.

கே: எல்டிஓ-6 டேப்பை எல்டிஓ-8 டிரைவ் படிக்குமா?

ப: படிக்காது. எல்டிஓ-7 வரைதான் இரண்டு தலைமுறை பின்னால் படித்தது. 6 அல்லது 7 டிரைவ் தேடுங்கள்.

கே: பழைய எல்டிஓ டேப்புகளைக் காந்தநீக்கியில் வைத்து அழித்து மறுபடி பயன்படுத்தலாமா?

ப: தொழிற்சாலையில் எழுதிய சர்வோ தடமும் (ஹெட்டுக்கு வழிகாட்டும் குறிகள்) சேர்ந்து அழியும். அது இல்லாமல் எந்த டிரைவும் தடம் பிடிக்காது. குப்பைக்கு அனுப்புவதாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

கே: எஸ்டி0-வில் இரண்டாவது பேக்கப் எடுத்ததும்...

ப: என்.

கே: புது எல்டிஓ-9 டேப்பைப் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, எம்டி ஸ்டேட்டஸுக்குப் பதிலே இல்லை. பவரை நிறுத்திப் பார்க்கட்டுமா?

ப: தொடாதீர்கள். எல்டிஓ-9 புதுக் கேட்ரிட்ஜ் முதல்முறை ஏறும்போது அந்த நாடாவுக்கேற்ப டிரைவ் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சராசரி 40 நிமிடம், சிலதில் 2 மணி நேரம் வரை போகும். கேட்ரிட்ஜுக்கு ஒருமுறைதான். மீதிப் புது டேப்புகளை ஒவ்வொன்றாகப் பகலிலேயே ஏற்றி இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் இரவு பேக்கப் நேரம் காத்திருப்பிலேயே கழியும்.