பங்க்கில் போன் ஒலித்தால் பெட்ரோல் பற்றுமா?

கேள்வி: பெட்ரோல் போடும்போது சட்டைப்பையில் போன் ஒலித்தது. ஊழியர் பதறிப்போனார். அவ்வளவு ஆபத்தா?

பதில்: அவர் பதறியது கடமையுணர்வு; ஆனால் போன் ஒலித்ததால் தீப்பிடிக்காது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம்வரை கலந்திருக்கும் இடத்தில், போதிய வலுவுள்ள பொறியும் எழுந்தால்தான் தீ. போனின் ரேடியோ அலைகள் அப்படிப்பட்ட பொறியை உண்டாக்குவதில்லை. அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்யூப்மென்ட் இன்ஸ்டிடியூட், எரிபொருள் நிரப்பும்போது நேர்ந்த தீ விபத்துகள் 150-க்கும் மேற்பட்டவற்றின் விவரங்களைத் திரட்டியது. எதிலும் போன்தான் காரணம் என்று தெரியவரவில்லை. போனால் மூன்று இடங்களில் தீப்பிடித்தது என்று ஷெல் நிறுவனமே எச்சரித்ததாக ஒரு மின்னஞ்சல் முன்பு உலகைச் சுற்றியது. அப்படி எதையும் வெளியிடவில்லை என்று ஷெல் மறுத்த பிறகும் அது ஓயவில்லை.

கேள்வி: பிறகு எது பற்றவைத்தது?

பதில்: பெரும்பாலும் நிலைமின்சாரம். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் அளவு ஆற்றல் போதும். வறண்ட காற்றில் கார் இருக்கையில் உரசி எழும் மனித உடல் அதைப்போலப் பல மடங்கு மின்னேற்றத்தைச் சுமக்கும். அமெரிக்காவில் பலர் தாங்களே நாசிலைச் செருகிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து, திரும்பி வந்து அதைத் தொடுகிறார்கள். விரலுக்கும் நாசிலுக்கும் இடையே பொறி! நம் ஊரில் ஊழியரே நிரப்புவதால் இந்த வாய்ப்பு குறைவு. ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இன்னும் குறைவு. நீங்களே நிரப்ப நேர்ந்தால், நாசிலைத் தொடும் முன் காரின் உலோகப் பகுதியைத் தொட்டுவிடுங்கள்.

கேள்வி: போன் தடை என்ற பலகைக்குக் கீழேயே கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்களே?

பதில்: நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் பலகையை எடுக்கச் சொல்லமாட்டேன். வெடிக்கும் வாயு உள்ள இடங்களுக்கென்று சோதித்துச் சான்று பெற்றவை அல்ல சாதாரண போன்கள். அதைவிட, திரையில் கண் இருப்பவர் டேங்க் வழிவதையும் வண்டி நகர்வதையும் கவனிக்கமாட்டார். நாசிலை எடுத்து மூடியைப் போட்ட பிறகு, நாலடி தள்ளி நின்று பணம் செலுத்துங்கள்.

கேள்வி: கோடையில் டேங்க்கை நிறைத்தால் வண்டி வெடிக்குமாமே?

பதில்: வெடிக்காது. தயாரிப்பாளர் குறித்த அளவுவரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம் என்று இந்தியன் ஆயில் நிறுவனமே விளக்கம் தந்திருக்கிறது. நாசில் தானாக நின்ற பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கழுத்துவரை ஊற்றச் சொல்வதுதான் வம்பு. இருசக்கர வாகனத்தில் வழியும் பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் விழலாம். என்னைக் கேட்டால், பையில் கிடக்கும் போனைவிட அணைக்காத இன்ஜினுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கேள்வி: ஜெனரேட்டருக்கு கேனில் வாங்கலாமா?

பதில்: எரிபொருளுக்கென்று செய்த கேன் மட்டுமே, அதுவும் பங்க்கில் அனுமதித்தால். வண்டிக்குள் வைத்தபடி நிரப்பாதீர்கள். கேனில் சேரும் மின்னேற்றம் இறங்க வழியிருக்காது. தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது.