விழுங்கும் கருந்துளையும் விரியும் பேரண்டமும்

கேள்வி: பால்வெளியின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று இருக்கிறதாமே, ஒரு நாள் பூமியையும் அது விழுங்கிவிடுமா?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: விழுங்காது. கருந்துளையின் ஈர்ப்பும் மற்றப் பொருள்களின் ஈர்ப்பைப் போலவே நிறையையும் தொலைவையும் பொறுத்தது. நம் சூரியனை நிறை குறையாமல் அழுத்திக் கருந்துளையாக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம் 3 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும், வெளிச்சமும் வெப்பமும் போய்விடும், ஆனால் பூமி இப்போதுள்ள அதே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ஒளிகூடத் தப்ப முடியாத நிலை, நிகழ்வு எல்லை எனப்படும் அந்தச் சிறு வட்டாரத்துக்குள் மட்டுமே.

பால்வெளி மையத்திலுள்ள கருந்துளையின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு. தொலைவு ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு. அதன் மிக அருகே எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2018இல் அது கருந்துளையை நெருங்கி, விநாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வளைந்து, மீண்டும் விலகிப் போயிற்று. அவ்வளவு பக்கத்தில் போன விண்மீனே தப்பி வரும்போது நாம் அஞ்ச வேண்டியதில்லை. எஸ்2 போன்ற விண்மீன்களின் ஓட்டத்தைப் பல்லாண்டுகள் பொறுமையாக அளந்த ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் இருவரும் 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானத்தை ஒட்டியே தென்படும் பால்வெளி மையத்தின் திசை, உங்கள் மாவட்டத்தில் 50 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்பது பெரிய வாய்ப்பு. ஆவணித் தொடக்கத்தில், நிலவும் மேகமும் இல்லாத இரவில், எட்டு மணிக்குச் சற்றுப் பின் முட்டம் கடற்கரையில் தெற்கு நோக்கி நில்லுங்கள். விருச்சிகத்தின் கொடுக்காகிய மூல நட்சத்திரத்துக்கு மேலே, சிறிது இடப்புறம் பால்வெளியின் மையம் இருக்கிறது. இடையிலுள்ள தூசு அதன் ஒளியை மறைத்துவிடும் என்றாலும், திசையை அறிந்து பார்ப்பதை ஒவ்வொரு மாணவருக்கும் பரிந்துரைப்பேன்.

கேள்வி: நம் சூரியன் கருந்துளையாக மாறுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: மாறாது, அதற்கு நிறை போதாது. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் பருத்துச் சிவந்து, இறுதியில் வெண்குறுமீனாக, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய சிறு விண்மீனாக அடங்கும். வெண்குறுமீன் சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறை வரைதான் தாங்கும் என்னும் வரம்பை, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது 19 வயதில் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். நோபல் பரிசு 1983இல்தான் கிடைத்தது.

கேள்வி: பேரண்டம் விரிகிறது என்றால் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட தூரமும் கூடுகிறதா? எல்லா விண்மீன் மண்டலங்களும் நம்மை விட்டு விலகுவதால் நாம்தான் நடுவில் இருக்கிறோமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: இரண்டுமே இல்லை. ஊர்களைப் பாறையின் பிணைப்பும், கோள்களையும் விண்மீன் மண்டலங்களையும் ஈர்ப்பும் கட்டி வைத்திருக்கின்றன. அந்தக் கட்டு இருக்கும் இடத்தில் விரிவு நடப்பதில்லை. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலம் விலகாமல், விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதும் ஈர்ப்பினால்தான்.

நடு எது என்பதற்கு, ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருக்கும் நீங்கள் ஒரு ரப்பர் பட்டையையே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று மைப்புள்ளிகள் வைத்து, இரு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். முதல் புள்ளியிலிருந்து பார்த்தால் இரண்டாவது ஒரு சென்டிமீட்டரும் மூன்றாவது இரண்டு சென்டிமீட்டரும் விலகியிருக்கும். மூன்றாவதிலிருந்து பார்த்தாலும் அதே கணக்குதான். எந்தப் புள்ளியும் நடுவன்று. தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது. இந்த உறவை பெல்ஜிய அறிஞர் லெமேத்ர் 1927இல் கோட்பாட்டிலிருந்து பெற்றார்; அமெரிக்க வானியலாளர் ஹபிள் 1929இல் அளவீடுகளால் காட்டினார்.

இன்றைய கணக்கில், தொலைவு 32.6 லட்சம் ஒளியாண்டு கூடும்போதெல்லாம் விலகும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கூடுகிறது. 2019இல் முதன்முதலாகப் படமெடுக்கப்பட்ட, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையும், சூரியனைப் போல் 650 கோடி மடங்கு நிறை இருந்தும், தன் மண்டலத்தோடு விநாடிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. எனினும் அந்த 70 என்ற எண் இன்னும் முடிவானதன்று: பேரண்டத்தின் தொடக்கக்கால ஒளியைக் கொண்டு கணக்கிட்டால் 67 அளவிலும், அருகிலுள்ள மண்டலங்களை அளந்தால் 73 அளவிலும் வருகிறது. பிழை அளவீட்டிலா, கோட்பாட்டிலா என்று வானியலாளர்கள் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.