சுருளைப் பாருங்கள், மெஷின் சொல்லும்: லேத், டிரில், மில்லிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) பற்றியவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சார், 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியின் ஒரு முனையைச் சக்கில் (சுழற்றும் பிடிப்பில்) பிடித்து, 150 மி.மீ. நீளத்துக்குக் கடைந்தேன். சக் பக்கம் அளவு சரியாக இருக்கிறது. வெளிமுனையில் பருத்து வருகிறது. மெஷின் தேய்ந்துவிட்டதா?

மெஷினைக் குறை சொல்லும் முன் கம்பியைப் பாருங்கள். விட்டத்தைப் போல ஆறு மடங்கு நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று, நான்கு மடங்குக்கு மேல் போனாலே மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் முட்டு வேண்டும். பிட் (சீவும் கருவி) அழுத்தும்போது கம்பி வளைந்து ஒதுங்கிக்கொள்கிறது. சக்கை ஒட்டிய இடத்தில் ஒதுங்க வழியில்லை. முனையிலோ தாராளமாக ஒதுங்கும். அங்கே கட் குறைவாக விழுவதால் அளவு கூடுகிறது. நீட்டல் இரண்டு மடங்கானால் முனையின் வளைவு எட்டு மடங்காகும். அதே நீளத்தில் கம்பியின் விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. மெல்லிய கம்பி ஏன் அவ்வளவு படுத்துகிறது என்பதற்கு இந்த இரண்டு கணக்குமே போதும்.

முனையின் நடுவில் சென்டர் டிரில்லால் குழி போட்டு, டெயில் ஸ்டாக்கில் சுழலும் சென்டர் (கூர்முனைத் தாங்கி) கொடுத்துக் கடையுங்கள். அப்படியும் சாய்வு வந்தால்தான் மெஷினைச் சந்தேகிக்க வேண்டும். டெயில் ஸ்டாக் பக்கம் பருத்தால் அது உங்களை விட்டு விலகி நிற்கிறது என்று பொருள். மெலிந்தால் உங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. இரு முனைக்கும் விட்டத்தில் 0.06 மி.மீ. வித்தியாசம் என்றால் டெயில் ஸ்டாக்கை 0.03 நகர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் நகர்த்துவது விட்டத்தில் இரட்டிப்பாகத் தெரியும். பயிற்சிக் காலத்தில் நான் முழு அளவையும் நகர்த்திவிட்டு, சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பியதைப் பார்த்து அரை நாள் குழம்பினேன். டயல் கேஜை (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவியை) வைத்துக்கொண்டு நகர்த்தினால் அந்த அரை நாள் மிச்சம்.

இரு முனையும் சரியாக இருந்து நடுவில் மட்டும் பருத்தால், அது நீளமான கம்பி நடுவில் ஒதுங்குவது. ஸ்டெடி வைத்துத் தாங்குங்கள்.

கேள்வி: எந்த வேலைக்கு எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வைப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஆர்.பி.எம்.மை மனப்பாடம் செய்யாதீர்கள். பிட்டின் முனையைக் கடந்து உலோகம் ஓடும் வேகம்தான் முக்கியம். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் என்றால் மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர், வார்ப்பிரும்புக்கு 20, அலுமினியத்துக்கு 60-க்கு மேல் என்று வைத்துத் தொடங்கலாம். அதைவிடச் சூடு தாங்கும் கார்பைடு பிட் என்றால் ஸ்டீலுக்கே 100-க்கு மேல் போகும். அந்த வேகத்தை 320-ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கில் உள்ள விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வந்துவிடும். 25 மி.மீ. ஸ்டீல் கம்பிக்கு 30 × 320 ÷ 25, அதாவது 384. மெஷினில் அதற்குக் கீழே எந்த கியர் இருக்கிறதோ அதில் போடுங்கள்.

கீழே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் சுமார் 26 ஆண்டுகள் உலோகத்தைச் சீவிப் பார்த்து, வேகத்துக்கும் பிட்டின் ஆயுளுக்கும் உள்ள உறவை ஒரு சூத்திரமாகத் தந்தார். எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்தால், வேகத்தை 20 சதவீதம் கூட்டினாலே ஆயுள் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நான்கு மணி நேரம் உழைத்த முனை ஒரு மணி நேரத்துக்குள் மழுங்கும். அவசரத்தில் வேகத்தை ஏற்றுபவர்கள் மிச்சப்படுத்திய நேரத்தைச் சாணை பிடிப்பதிலேயே விடுகிறார்கள்.

சுருளையும் கவனியுங்கள். எச்.எஸ்.எஸ். பிட்டில் ஸ்டீல் சுருள் வெள்ளையாக அல்லது லேசான மஞ்சளாக வந்தால் நல்லது. நீலமாக வந்தால் சூடு அதிகம், குறையுங்கள். கார்பைடில் நீலச் சுருள் வருவது இயல்புதான்.

கேள்வி: அலுமினியம் கடையும்போது பிட்டின் நுனியில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது. ஃபினிஷ் சொரசொரப்பாக வருகிறது.

அது அலுமினியமேதான். நுனியில் பற்றவைத்தது போல ஒட்டி, பிட்டுக்குப் பதிலாக அந்தக் கட்டியே சீவத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பிய்ந்து, ஜாபில் (கடையும் பொருளில்) கீறலாகப் பதியும். வேகத்தைக் கூட்டுங்கள், பிட்டின் மேல்முகத்தைச் சரிவாகச் சாணை பிடித்து ஆயில் ஸ்டோனில் பளபளப்பாக்குங்கள், மண்ணெண்ணெய் தொட்டு வையுங்கள்.

கேள்வி: மெஷினில் அளந்தபோது சரியாக 50.00 மி.மீ. காட்டிய ஷாஃப்ட், மறுநாள் காலையில் 49.98 காட்டுகிறது. மைக்ரோமீட்டர் பழுதா?

மைக்ரோமீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் சூடான ஷாஃப்டை அளந்திருக்கிறீர்கள். ஒரு மீட்டர் ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.0115 மி.மீ. விரியும். 50 மி.மீ. விட்டம் 40 டிகிரி சூடேறினால் 0.023 மி.மீ. கூடும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸை வைத்துத்தான் சொல்லப்படுகின்றன. ரஃப் கட் முடிந்ததும் ஜாபை ஆறவிட்டு, அப்புறம் ஃபினிஷ் கட் போடுங்கள். தொட்டால் கைக்குச் சூடு தெரிகிற ஜாபில் மைக்ரோமீட்டரை வைக்காதீர்கள்.

கேள்வி: 10 மி.மீ. டிரில் போட்டால் ஓட்டை 10.3 வருகிறது. டிரில்லின் விட்டம் சரியாகத்தான் இருக்கிறது.

டிரில்லைக் கையில் சாணை பிடித்தீர்களா? இரண்டு வெட்டும் விளிம்புகளில் ஒன்று நீளமாக இருந்தால் நுனி நடுவை விட்டு விலகி, ஓட்டை பெரிதாகும். சோதிப்பது எளிது. துளைக்கும்போது இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே மாதிரி சுருள் ஏறி வர வேண்டும். ஒன்றில் நீளச் சுருளும் மற்றதில் வெறும் தூளும் வந்தால் சாணை தவறு. 118 டிகிரி கேஜை வைத்து இரண்டு பக்கமும் சமமாகப் பிடியுங்கள்.

ஒரு விஷயம், நன்றாகச் சாணை பிடித்த டிரில்லும் அளவை விடச் சற்றுப் பெரிதாகவே துளைக்கும். துல்லியம் வேண்டுமென்றால் 9.8 டிரில் போட்டு ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் கருவி) விடுங்கள். டிரில் ஓடிய வேகத்தில் பாதி போதும். வெளியே எடுக்கும்போதும் ரீமரைப் பின்பக்கமாகச் சுற்றாதீர்கள், விளிம்பு போய்விடும்.

கேள்வி: பழைய மில்லிங் மெஷினில் கட்டர் சுற்றும் திசையிலேயே ஜாபை ஓட்டலாமா? ஃபினிஷ் நன்றாக வரும் என்கிறார்கள்.

வரும். ஆனால் டேபிள் ஸ்க்ரூவில் பேக்லாஷ் (தளர்வு) இருந்தால் கட்டர் ஜாபைத் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டர் உடையும், ஜாப் பறக்கும். பழைய மெஷினில் கட்டருக்கு எதிர்த் திசையிலேயே ஓட்டுங்கள்.

கேள்வி: சுருள் கையைச் சுடுகிறது. லேத்தில் கையுறை போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. வெறும் கையில் பட்டால் வெட்டோ சூடோ படும். கையுறை சுற்றுகிற ஜாபில் மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். முழுக்கைச் சட்டையை மடித்துவிடுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். மெஷினை நிறுத்திவிட்டுக் கம்பிக் கொக்கியால் சுருளை எடுங்கள். சுருள் நீளமாக வந்து சுற்றிக்கொண்டே இருந்தால், ஃபீடை (ஒரு சுற்றுக்குப் பிட் நகரும் தூரத்தை) சற்றுக் கூட்டிப் பாருங்கள். தடித்த சுருள் தானாகவே முறியும்.