கடன் கொப்பியை மகளிடம் கொடுங்கள்

அக்கா, உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுத்த மகளுக்குத் தரவுத்தளப் பாடம் ஒன்றும் விளங்கவில்லை, பாடத்தை மாற்றவா, ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றுக்குக் காசு கட்டவா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். திருகோணமலை உப்புவெளியில் கடை வைத்திருக்கிறீர்கள். மேசை லாச்சிக்குள் கடன் கொப்பி இருக்குமே, அதை ஒரு பின்னேரம் அவளிடம் கொடுங்கள்.

அதில் எத்தனை ராணி? கோயிலடி ராணி, சந்தியடி ராணி, வெறும் ராணி. நீங்கள் முகத்தை வைத்து ஆளைப் பிடிப்பீர்கள். கணினிக்கு முகம் தெரியாது, அதனால் ஆளுக்கொரு இலக்கம்: 101, 102, 103. முதன்மைச் சாவி என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

ராணியின் போன் நம்பரை ஒவ்வொரு கடனுக்குப் பக்கத்திலும் எழுதியிருந்தால், அவர் நம்பர் மாற்றிய அன்று பன்னிரண்டு இடத்தில் வெட்டி எழுத வேண்டும். ஒன்று தவறினால் எது சரியான நம்பர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஆட்களுக்கு ஓர் அட்டவணை, கடனுக்கு வேறொன்று. கடன் அட்டவணையில் பெயரும் இல்லை, போனும் இல்லை, 102 மட்டும். அங்கே நிற்கிற 102 அந்நியச் சாவி. மகளைப் பயமுறுத்தும் நார்மலைசேஷன் பெரும்பாலும் இந்தப் பிரிப்புத்தான். (முதலாம் நிலை, இரண்டாம் நிலை என்று பாடமாக்க வைத்தே பிள்ளைகளைக் கெடுக்கிறோம்.)

இந்த அட்டவணைகளைக் காவல் காத்து, கேட்டதை எடுத்துத் தரும் மென்பொருள்தான் தரவுத்தள முகாமைத்துவ முறைமை. வங்கியில் உங்கள் கணக்கில் 2000 ரூபாய் கழிந்து, மற்றவர் கணக்கில் ஏறுமுன் கரண்ட் போனால், கழித்ததையும் அது திருப்பிப் போட்டுவிடும். அரைகுறையாக விடாது.

அட்டவணைகளை இப்படித் தொடுக்கும் யோசனையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் கோட் 1970இல் எழுதினார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி 1974இல் வந்தது. இன்றும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நான் காசு கட்டிப் படித்த ஒரு மென்பொருள் மூன்று வருடத்தில் வழக்கொழிந்து போனது. அந்தச் சான்றிதழ் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒரு மாதக் கடனை அதில் ஏற்றி, ஐயாயிரத்துக்கு மேல் தர வேண்டியவர்கள் யார் என்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிழை வரும். இரண்டு நாள் மல்லுக்கட்டி அவளே திருத்தினால் பாடத்தை மாற்றும் பேச்சே வேண்டாம். கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் இருக்கிறது. அவளுடைய பிரிவுக்கு எது பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாருங்கள். தொடவே மனமில்லாமல் கிடந்தால், அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு வழி பேசுவோம்.

கொப்பியைப் போனில் படம் எடுக்கச் சொல்லிவிட்டு அன்றிரவே திருப்பி வாங்கிவிடுங்கள். காலையில் பாணுக்கு வருகிற ராணி, எந்த ராணியானாலும், காசு நாளைக்கு என்பார்.