அப்பாவுக்கு 8 நாளாகக் காய்ச்சல், பிளேட்லெட் 38,000, டெங்கு இல்லை. டாக்டர் ‘உள்ளே ரத்தம் உறைகிறது’ என்கிறார், ஆனால் ஈறில் ரத்தம் கசிகிறதே. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

ஐசியு வாசலில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் நான்கு இரவு அப்படி உட்கார்ந்தவள்தான், அதனால் டியூட்டி முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, 11 வருடமாக லேப் டெக்னீஷியன். உனக்கு என்ன தெரியும் என்று கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் டெஸ்ட் தினமும் என் கையில்தான் ஓடுகிறது.

போன மார்கழியில் என் அம்மாவுக்கும் இதே மாதிரி வந்தது. திருவண்ணாமலைப் பக்கம் கிராமம். ஆட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைக்குப் போவார். 6 நாள் காய்ச்சல், உள்ளூரில் ஊசி, குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிளேட்லெட் 42,000. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப்போய், பல் இடுக்கில் ரத்தம். சொந்தக்காரர்கள் பப்பாளி இலைச் சாறோடு வந்து நின்றார்கள். அண்ணன் பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடி வாட்ஸ்அப்பில் கதறிக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் என்ன கிருமி என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

அன்று ராத்திரி உறைதல் ரிப்போர்ட் வந்தது. 13 விநாடியில் உறைய வேண்டியது 34 விநாடி. உடனே பிளாஸ்மா (ரத்தத்தில் உறைய வைக்கும் புரதம் இருக்கும் நீர்ப்பகுதி) ஏற்ற ஏற்பாடு. எனக்குச் சந்தேகம். ரத்தம் எடுத்த நீல மூடி டியூபைக் காட்டச் சொன்னேன், பாதிதான் நிரம்பியிருந்தது. அந்த டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் என்ற மருந்து 1 பங்குக்கு 9 பங்கு ரத்தம் இருந்தாக வேண்டும். ரத்தம் குறைந்தால் மருந்து மிஞ்சி, உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும். கெஞ்சி மறுபடி எடுக்க வைத்தேன். 18 விநாடி.

18 என்பதும் நல்ல சேதி இல்லை. டி-டைமர் என்ற இன்னொரு ரத்த டெஸ்டின் அளவும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மூன்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டால் பிளேட்லெட்டுக்கு 2, உறைதல் நேரத்துக்கு 1, டி-டைமருக்கு 3, மொத்தம் 6. 5 வந்தாலே உடம்பு முழுக்க உறைதல் தறிகெட்டுப் போய்விட்டது என்று கணக்கு.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அம்மாவுக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ் என்று மறுநாள்தான் தெரிந்தது; அந்தக் கிருமி ரத்தக் குழாயின் உள்சுவர் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. குழாய் பூராவும் புண். அடைமழையில் ஏரிக்கரை நூறு இடத்தில் கசிந்தால் என்ன செய்வோம்? இருக்கிற மணல் மூட்டையை எல்லாம் அங்கங்கே போடுவோம். உடம்பும் அதையேதான் செய்கிறது, ஒவ்வொரு புண்ணிலும் பொடிப்பொடியாக உறைகட்டி. அதற்குப் பிளேட்லெட்டும் உறைய வைக்கும் புரதமும் செலவாகித் தீர்ந்துவிடுகின்றன. ஈறிலோ ஊசித் துளையிலோ நிஜமாக அடைக்க வேண்டிய நேரத்தில் கையில் மூட்டை இல்லை, கசிகிறது. போட்ட மூட்டைகளோ வாய்க்காலை அடைத்து, சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் ரத்தம் போகவிடாமல் செய்கின்றன. உறைகட்டி கரையும்போது வரும் துணுக்குதான் டி-டைமர். அதனால் உங்கள் டாக்டர் சொன்னதும் சரி, நீங்கள் கண்ணால் பார்ப்பதும் சரி.

அம்மாவைக் காப்பாற்றியது ஒரு நர்ஸ். மறுநாள் காலை உடம்பு துடைக்கும்போது மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருத்த பொருக்கைப் பார்த்தார். வலியில்லை, அரிப்பில்லை. அம்மாவுக்கு அது இருப்பது தெரியும், ஆண் டாக்டர்களிடம் காட்டக் கூச்சம். ஸ்க்ரப் டைபஸ். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்கள், ஆனால் கடிப்பது மாட்டு உண்ணி இல்லை. புதர்ப் புல்லில் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. முதலில் ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற வேறு இரண்டு ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்து நரம்பில் ஏற்றினார்கள். வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு ஒரே மருந்தைவிட இப்படிச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று தெரிந்தது. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒரு பை பிளேட்லெட்கூட ஏற்றாமல் ஐந்தாம் நாள் 1,10,000.

பிளேட்லெட்டே ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தப்போக்கு அதிகமானால் ஏற்றத்தான் வேண்டும், அது டாக்டர் முடிவு. ஆனால் கிருமிக்கு மருந்து போகாமல் பையை மட்டும் ஏற்றினால் அதுவும் செலவாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த டியூப் பாதியாக வந்ததற்கு எடுத்த பெண்ணை எல்லோரும் திட்டினார்கள். ராத்திரி முழுக்க எத்தனை வார்டுக்கு அவள் ஒருத்தியே ஓடினாள் என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்த வேலை, பஸ் செலவு போனால் கையில் நிற்காத சம்பளம். எங்கள் துறையில் ஆள் போடாமல் காலம் தள்ளுகிறார்கள், தப்பு நடந்தால் மட்டும் எங்கள் பெயர் தெரிகிறது.

உங்கள் அப்பாவுக்கும் இதே நோய்தான் என்று நான் சொல்ல முடியாது. எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் இப்படி இறங்கும், கசியும். சேற்றிலோ வயலிலோ வேலை செய்தாரா, புதர்ப் பக்கம் போனாரா என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இன்றைக்கே அவர் அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கட்டும் இடம், காதுக்குப் பின்புறம் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாகப் பொருக்கு ஏதாவது இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.